ஒன்பதாம் வகுப்பின் தன்மதிப்பு

"கிராமப்புற மாணவியரிடம் தன்மதிப்பு குறைவு என்பது ஆய்வில் நிரூபணமாகியிருக்கிறது." ஒரு பணியிடைப் பயிற்சியில் திரையில் வந்த வரி இது. வந்த வேகத்தில் போய்விட்டது. அடுத்ததாக, அந்தத் தன்மதிப்பை உயர்த்த ஆசிரியர்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு பட்டியல். பக்கத்தில் இருந்தவர்கள் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முந்தைய வரியிலேயே மனசு நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்தும் அது விடவில்லை.

திருநெல்வேலிக்கு மேற்கே ஒரு கிராமத்துப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். முக்கூடல் பக்கத்துப் பிள்ளைகள். சாயங்காலம் வீடு திரும்பியதும் பாதிப் பெண்பிள்ளைகள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு அம்மாவுக்குக் கூடமாட பீடி சுற்ற உட்கார்ந்துவிடுவார்கள். இலை வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, 25 பீடிக்கு ஒரு கட்டு. பீடிக்கடையில் இலை எடை குறைந்தால் அங்கேயே நின்று கேட்கிற பிள்ளைகள் இவர்கள். நல்ல பீடியைக் கழிவு என்று ஒதுக்கினால் எண்ணிக் காட்டித் திரும்ப வாங்காமல் வரமாட்டார்கள். அப்படியொரு பிள்ளைக்குத் தன்மதிப்பு குறைவு என்று சொன்னால் எனக்கு நம்பக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்த நாலு பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வை மறுக்க முடியாது. கடையில் வாயாடுகிற பிள்ளை உள்ளுக்குள் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்று நான் எப்படிக் கண்டேன்? அதனால் அந்த ஆய்வையே பார்த்துவிடுவோம் என்று பயிற்சி கொடுத்தவரிடம் கேட்டேன். அவர் தயங்காமல் அனுப்பிவைத்தார். ஒரு கல்வியியல் ஆய்வேடு. புரட்டிக்கொண்டே போனபோது மாதிரிப் பள்ளிகளின் பட்டியலில் எங்கள் பள்ளியின் பெயரும் இருந்தது.

ஏட்டுக்குள் இருந்தது

நம் பக்கத்தில் எம்.எட். முடித்தவர்களுக்கு இந்த வகை ஏட்டின் அமைப்பைச் சொல்ல வேண்டியதில்லை. பாலினம், வசிப்பிடம், பயிற்றுமொழி, பள்ளி நிர்வாகம், தந்தை கல்வி, தாய் கல்வி, வருமானம், குடும்ப வகை, பிறப்பு வரிசை என்று வரிசையாக மாறிகள். ஒவ்வொன்றுக்கும் "வேறுபாடு இல்லை" என்று ஓர் இன்மைக் கருதுகோள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டவணை, அட்டவணையின் கடைசியில் இரண்டு சராசரிகளின் வேறுபாட்டை எடைபோடும் டி-மதிப்பு, அடியில் "5 சதவீத நிலையில் அட்டவணை மதிப்பு 1.96". அதைத் தாண்டினால் கருதுகோள் மறுக்கப்படுகிறது, தாண்டாவிட்டால் ஏற்கப்படுகிறது. பிறகு மாணவர்களுக்குத் தனியாக ஒரு சுற்று, மாணவியருக்குத் தனியாக ஒரு சுற்று. இத்தனை அட்டவணைகளில் மாணவியர் சுற்றில், வசிப்பிடம் என்ற ஒரே இடத்தில், மதிப்பு 1.96-ஐக் கொஞ்சம் தாண்டியிருந்தது. திரையில் பார்த்த வரி அங்கேதான் பிறந்திருக்கிறது.

உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாத இடத்தில்கூட, 5 சதவீத நிலையில் ஒரு சோதனை நம்மை ஏமாற்ற இருபதில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 10 சோதனை வைத்தால், ஒரு முறையாவது ஏமாறும் வாய்ப்பு 40 சதவீதம். 20 வைத்தால் 64 சதவீதம். பத்தாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடம் போதும் இதைப் போட்டுப் பார்க்க: 0.95-ஐ இருபது முறை பெருக்கி 1-லிருந்து கழித்தால் வந்துவிடும். என் வகுப்பில் வருகைப் பதிவேட்டை வைத்தே இதைச் செய்துகாட்டுவேன். ஒற்றைப்படை எண்ணுள்ள பிள்ளைகளையும் இரட்டைப்படை எண்ணுள்ள பிள்ளைகளையும் இரண்டு கட்சியாகப் பிரித்து உயரம், வீட்டுத் தூரம், ஒவ்வொரு பாட மதிப்பெண், உடன்பிறந்தோர் எண்ணிக்கை என்று ஒப்பிட்டுக்கொண்டே போனால், அவ்வப்போது ஏதாவது ஒன்று எகிறிக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் உடனே காரணம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். பதிவேட்டு எண்ணுக்கும் சமூக அறிவியல் மதிப்பெண்ணுக்கும் என்ன உறவு என்று அவர்கள் சொல்லும் காரணங்கள் அத்தனை பொருத்தமாக இருக்கும். ஆய்வேடுகளின் ஐந்தாம் அத்தியாயத்தில் வரும் "இதற்குக் காரணம் யாதெனில்" பகுதியும் இப்படித்தான் எழுதப்படுகிறது என்பது என் கணிப்பு.

இன்னொரு பிழை இதைவிட நுட்பமானது. மாணவியரில் கிராமம், நகரம் வேறுபாடு 1.96-ஐத் தாண்டியது, மாணவர்களில் தாண்டவில்லை. எனவே கிராமச் சூழல் பெண்பிள்ளைகளை மட்டும் பாதிக்கிறது என்று ஏடு முடிவு கட்டுகிறது. ஒரு பக்கம் தாண்டி மறுபக்கம் தாண்டாததால் இரண்டு பக்கமும் வேறு என்று ஆகிவிடாது. ஒன்று 2.0, மற்றது 1.8 என்று இருந்தாலும் இதே கதைதான். இரண்டு வேறுபாடுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் தனியாகச் சோதித்தாக வேண்டும். இது நம் ஊர்ப் பிழை மட்டுமில்லை. 2011-இல் நியூவன்ஹைஸ் என்ற நெதர்லாந்து ஆய்வாளரும் கூட்டாளிகளும் மூளை அறிவியலின் பெரிய இதழ்களைப் புரட்டினார்கள். இந்தப் பிழைக்கு இடமிருந்த 157 கட்டுரைகளில் 79 அதைச் செய்திருந்தன.

"பெரும்பாலான மாணவர்களின் தன்மதிப்பு நடுத்தர நிலையில் உள்ளது" என்று ஒரு முடிவும் அந்த ஏட்டில் இருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கம் மேலே போனவர்கள் உயர்நிலை, ஒரு திட்ட விலக்கம் கீழே போனவர்கள் தாழ்நிலை, மீதிப்பேர் நடுத்தரம் என்று பிரித்திருக்கிறார்கள். இயல்நிலைப் பரவலில் அந்த நடுப்பகுதியில் 68 சதவீதம் பேர் விழுவார்கள். தன்மதிப்பை அளந்தாலும் சரி, கால் செருப்பை அளந்தாலும் சரி, எந்த ஊரில் அளந்தாலும் சரி, பெரும்பாலோர் நடுத்தரம்தான். பிள்ளைகளைப் பார்க்காமலே எழுதிவிடக்கூடிய முடிவு இது. எத்தனை ஏடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன்!

உலகம் விழித்துக்கொண்ட கதை

இதையெல்லாம் ஏதோ பின்தங்கிய ஊரின் குறையாக யாரும் எண்ணிவிடக் கூடாது. உளவியலின் தலைவாசலிலேயே இது நடந்தது. 2011-இல் டாரில் பெம் என்ற மூத்த உளவியலாளர், மனிதர்களுக்கு வருங்காலத்தை முன்கூட்டி உணரும் ஆற்றல் உண்டு என்று ஒன்பது சோதனைகளோடு ஒரு கட்டுரை எழுதினார். அந்தத் துறையின் மிக மதிப்புள்ள இதழ் ஒன்றில் அது வெளியானது. எல்லோரும் பின்பற்றிய முறையைத்தான் அவரும் பின்பற்றியிருந்தார், சிக்கலே அதுதான். அதே முறை இப்படியொரு முடிவையும் தரும் என்றால், அதுவரை தந்த மற்ற முடிவுகளை எதை நம்பி வைத்துக்கொள்வது? அதே ஆண்டில் சிம்மன்ஸ், நெல்சன், சிமன்சோன் மூவரும் ஒரு குறிப்பிட்ட பாட்டைக் கேட்டவர்களின் வயதே ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு குறைந்துவிட்டதாகப் புள்ளியியல்படி "காட்டினார்கள்". பொய்யாக ஓர் எண்ணைக்கூட அவர்கள் எழுதவில்லை. எதை அளப்பது, எப்போது நிறுத்துவது, எதைச் சேர்த்துக் கணக்கிடுவது என்பதையெல்லாம் முடிவைப் பார்த்த பிறகு தேர்ந்தெடுத்தால், 5 சதவீதம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் பிழை 60 சதவீதத்தையும் தாண்டும் என்று கணித்துக் காட்டினார்கள். 2015-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் 5 சதவீத எல்லையைத் தாண்டியவை. திரும்பச் செய்தபோது தாண்டியவை 36 சதவீதம்தான்.

கணக்கு ஆசிரியைக்கு இதில் பெரிய மகிழ்ச்சி தந்தது நிக் பிரவுன், ஜேம்ஸ் ஹீதர்ஸ் இருவரும் கொண்டுவந்த ஒரு சோதனை. கிரிம் என்று பெயர். 25 பேரிடம் முழு எண்ணில் பதில் வாங்கினால் சராசரியின் தசமப் பகுதி .00, .04, .08 என்று நான்கின் மடங்காகத்தான் வரும். 3.44 வரலாம், 3.48 வரலாம், 3.47 வரவே வராது. கட்டுரையில் 3.47 என்று இருந்தால் எங்கோ தவறு, அவ்வளவுதான். மூலத் தரவு வேண்டாம், கணினி வேண்டாம், ஆறாம் வகுப்பு வகுத்தல் போதும். இப்படிச் சோதிக்கத் தோதான 71 கட்டுரைகளை எடுத்துப் பார்த்ததில் ஏறக்குறைய பாதியில் நடக்கவே முடியாத சராசரி ஒன்றாவது இருந்தது. நெதர்லாந்தில் மிஷெல் நியூட்டனும் கூட்டாளிகளும் ஒரு மென்பொருளைக் கொண்டு 1985 முதல் 2013 வரையிலான எட்டு உளவியல் இதழ்களை அலசியபோதும் பாதிக் கட்டுரைகளில் கூடவே கொடுத்த எண்களோடு பொருந்தாத பி-மதிப்பு (5 சதவீத எல்லையோடு ஒப்பிடும் எண்) இருந்தது. எட்டில் ஒன்றில் அந்தப் பிழை ஆய்வின் முடிவையே மாற்றக்கூடிய அளவு.

எண்ணைப் பார்த்தே சந்தேகப்படும் இந்தப் பழக்கத்துக்கு முன்னோடி அமெரிக்க உளவியலாளர் லியோன் கமின் என்று நான் நினைக்கிறேன். இங்கிலாந்தில் சிரில் பர்ட் என்ற உளவியலாளர், தனித்தனியாக வளர்ந்த ஒற்றைக்கரு இரட்டையரின் நுண்ணறிவை ஒப்பிட்டு ஒட்டுறவு (இருவரின் எண்களும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்ற அளவு) 0.771 என்று எழுதினார். முதலில் 21 ஜோடி, பிறகு 30 ஜோடிக்கு மேல், 1966-இல் 53 ஜோடி. ஜோடிகள் கூடிக்கொண்டே போக, எண் மூன்றாம் தசமம்வரை அப்படியே 0.771-இல் நின்றது. இதை 1970-களில் கமின் எடுத்துச் சொன்னார். பர்ட் வேண்டுமென்றே செய்தாரா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் அந்தக் காலத்து இங்கிலாந்தில் 11 வயதுப் பிள்ளைகளைத் தேர்வு வைத்து வெவ்வேறு பள்ளிகளுக்குப் பிரித்த முறைக்குப் பின்னால் பர்ட்டின் கருத்துகளுக்குப் பெரிய செல்வாக்கு இருந்தது. ஒட்டுறவுக் கெழுவின் மூன்றாம் தசமத்துக்கும் ஒரு பிள்ளை எந்த வாசலில் நுழைகிறது என்பதற்கும் அத்தனை நெருக்கம். இதனால்தான் எனக்கு இதில் இவ்வளவு ஆத்திரம்.

சரி, நம் ஏட்டுக்கு வருவோம். அதையும் கிரிம் கொண்டு பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். பார்க்க வழியில்லை. நூறு பேருக்கு மேல் போய்விட்டால் இரண்டு தசமத்தில் எந்தச் சராசரியும் சாத்தியமே. கொடுத்திருந்த சராசரியையும் திட்ட விலக்கத்தையும் வைத்து டி-மதிப்புகளை நானே திரும்பப் போட்டுப் பார்த்தேன். அத்தனையும் சரி. அந்த ஆய்வாளர் கணக்கில் கவனமானவர். அப்படியானால் பல சோதனை வைத்த குற்றம் மட்டும்தான் இதில் உண்டா? எங்கள் பள்ளியின் பெயரைத் திரும்பப் பார்த்தபோது, அவர் வந்திருந்த நாள் நினைவுக்கு வந்தது.

பிள்ளைகள் பதில் போட்ட ஒரு மணி நேரம்

பிப்ரவரி மாதம். பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு நடந்துகொண்டிருந்ததால் ஒன்பதாம் வகுப்பை இரண்டு பிரிவும் சேர்த்துக் கூடத்தில் உட்காரவைத்திருந்தார்கள். ஒரு பெஞ்சுக்கு ஐந்து பேர். கடைசிப் பாடவேளை, விளையாட்டுப் பிரியடை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகளின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டாம். வந்திருந்தவர் இளம்பெண், முகத்தில் களைப்பு, அன்றைக்கே இன்னொரு பள்ளிக்கும் போயிருப்பார் போல. வினாத்தாளைக் கொடுத்து, மனசில் பட்டதைப் போடுங்கள் என்று அன்பாகத்தான் சொன்னார். எங்கள் ஆசிரியர் ஒருவர் பின்னாலிருந்து, "நம்ம ஸ்கூலு பேரக் காப்பாத்துங்க, நல்லா யோசிச்சுப் போடுங்க" என்று குரல் கொடுத்தார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான்.

நான் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தேன். மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒரு பிள்ளை, படிப்பில் சுமார், எப்போதும் வாய் திறக்காதது, என் சேலைத் தலைப்பை லேசாக இழுத்து, "டீச்சர், இதுல எது சரியான விடை?" என்று கேட்டது. என்ன கேள்வி என்று பார்த்தேன். தன்னைப் பற்றித் தனக்கு நிறைவு இருக்கிறதா என்ற மாதிரியான வாக்கியம். "சரி தப்பு கிடையாது, ஒனக்கு என்ன தோணுதோ அதப் போடு" என்றேன். அது தலையாட்டியது. நான் நாலடி நகர்ந்ததும் பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்த்துப் போட ஆரம்பித்தது. பக்கத்துப் பிள்ளை வகுப்பில் முதல் ரேங்க். அதற்கும் பக்கத்தில் இருந்தவள் இருவரையும் பார்த்துப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெஞ்சு முழுக்க ஒரே வரிசை டிக்.

அந்தப் பிள்ளை செய்ததில் தப்பே இல்லை. அதன் பள்ளி வாழ்க்கையில் அச்சடித்த தாள் என்று கையில் வந்ததெல்லாம் தேர்வுத்தாள்தான். வெளியூர் ஆள் கொடுக்கிறார், ஆசிரியர்கள் நிற்கிறார்கள், பள்ளியின் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்கிறார்கள். எது சரியான விடை என்று கேட்பதுதான் அறிவுள்ள பிள்ளைக்கு அழகு. தாள் கேட்டது ஒன்று, பிள்ளை பதில் சொன்னது வேறொன்றுக்கு. ஏட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் நம்பகத்தன்மை என்ற தலைப்பில், பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரோன்பாக் ஆல்ஃபா எண் இருக்கிறது, நல்ல எண்தான். ஏற்புடைமை என்ற தலைப்பில், நிபுணர்கள் பார்த்து ஒப்புதல் தந்தார்கள் என்று இரண்டு வரி. 1955-இல் க்ரோன்பாக்கும் மீலும் எழுதிய கட்டுரை முதல் இன்றுவரை உளவியலில் இதைத்தான் சொல்லிவருகிறார்கள்: ஒரு கருவி அளப்பதாகச் சொல்லும் பொருளைத்தான் அளக்கிறது என்பதற்குச் சான்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்க வேண்டும், யாரோ பார்த்துச் சரி என்பது போதாது. பார்த்த நிபுணர்களில் ஒருவராவது மூன்றாவது பெஞ்சின் பக்கத்தில் நின்றிருந்தால்!

அந்த வினாத்தாள் ரோசன்பெர்க்கின் தன்மதிப்பு அளவுகோலைத் தழுவியது. 1965-இல் நியூயார்க் மாநிலத்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக உருவானது. பத்து வாக்கியம், ஐந்து நேராக, ஐந்து எதிர்மறையாக, எதிர்மறைக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும். பெரியவர்கள் முன்னால் எதற்கும் "ஆமாம்" என்று சொல்லிப் பழகிய ஒரு பிள்ளை, பத்துக்கும் "ஒத்துக்கொள்கிறேன்" என்றே டிக் போட்டால் என்ன ஆகும்? ஒன்று முதல் நான்குவரை மதிப்பெண் என்றால் நேர் வாக்கியங்களுக்கு 15, திருப்பிப் போட்டவற்றுக்கு 10, ஆக 25. அளவுகோலின் கீழ் எல்லை 10, மேல் எல்லை 40, நட்டநடு 25. அந்தப் பிள்ளையின் பணிவு "நடுத்தரத் தன்மதிப்பு" என்று அட்டவணையில் ஏறிவிடும். இந்த எதிர்மறை வாக்கியங்கள் பல பண்பாடுகளில் ஒழுங்காக வேலை செய்வதில்லை என்பது 53 நாடுகளில் செய்த ஆய்விலேயே 2005-இல் தெரியவந்த செய்தி.

பெஞ்சு முழுக்க ஒரே டிக் என்பதற்குக் கணக்கிலும் ஒரு விலை உண்டு. டி-சோதனை ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனிச் சான்றாக எண்ணுகிறது. ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியரிடம், ஒரே பெஞ்சில் இருக்கும் பிள்ளைகள் அப்படித் தனித்தனிச் சான்று இல்லை. லெஸ்லி கிஷ் என்ற புள்ளியியலாளர் இதற்கு ஓர் எளிய சூத்திரம் தந்திருக்கிறார். எட்டுப் பள்ளி, பள்ளிக்கு 40 பேர், மொத்தம் 320 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பள்ளிப் பிள்ளைகளுக்குள் ஒற்றுமை, 0 முதல் 1 வரையிலான அளவில், 0.1 என்றால், 40-இல் ஒன்று கழித்த 39-ஐ அதால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 4.9. 320-ஐ அதால் வகுத்தால் 65. கையில் இருப்பது 320 தாள், சான்றாக நிற்பது 65 பிள்ளை அளவுக்குத்தான். ஒற்றுமை 0.05 என்று குறைத்துக்கொண்டாலும் 108. கிராமம், நகரம் என்பதோ பிள்ளைக்குப் பிள்ளை மாறுவதே இல்லை, பள்ளிக்குப் பள்ளிதான் மாறுகிறது. நான்கு பள்ளியை நான்கு பள்ளியோடு ஒப்பிட்டுவிட்டு, நூற்றுக்கணக்கான பேரை ஒப்பிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறோம். கொஞ்சம் தாண்டிய அந்த 1.96, இதைச் சேர்த்துக்கொண்டால் நிற்கவே நிற்காது.

அந்தக் கிராமம், நகரம் பிரிவையும் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். பள்ளி இருக்கும் இடத்தை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். பாளையங்கோட்டைப் பள்ளி என்றால் நகர்ப்புற மாணவி. பாளையங்கோட்டை விடுதிகளில் யார் இருக்கிறார்கள் என்று இந்த ஜில்லாவில் தெரியாதவர் உண்டா? நாங்குநேரிப் பக்கம், ராதாபுரம் பக்கம், களக்காட்டுப் பக்கம் என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளும் அங்கேதான். காலையில் பஸ் ஏறி அங்கே போகிற கிராமத்துப் பிள்ளைகள் வேறு. மேலப்பாளையம் மாநகராட்சிக்குள் இருக்கிறது, அங்கேயும் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். மேலப்பாளையத்துப் பிள்ளை நகரம், முக்கூடல் பிள்ளை கிராமம். இருவரின் சாயங்காலமும் ஒரே மாதிரி இருக்கும்போது, எதை எதோடு ஒப்பிட்டார்கள்?

அண்ணன் மகளோடு வாதம்

என் அண்ணன் மகள் பாளையங்கோட்டையில் எம்.எஸ்.சி. உளவியல் படிக்கிறாள். இந்த ஏட்டை அவளிடம் காட்டியபோது நான் எதிர்பார்த்த கோபம் அவளுக்கு வரவில்லை.

"அத்தை, நீங்க சொல்லுதது எல்லாம் சரிதான். ஆனா அந்த அக்காவக் குத்தம் சொல்லி என்ன செய்ய? ஆறு மாசத்துல முடிக்கணும், கைடு கேக்குறது நெறையப் பேரு. ஒவ்வொரு பிள்ளையாக் கூப்பிட்டு உக்காத்தி வச்சுக் கேட்டா எப்பம் முடிக்க?"

"அதுக்காக ஒரு பெஞ்சு பூராவும் பாத்து எழுதினத தன்மதிப்புன்னு சொல்லலாமாளா?"

"சொல்லக் கூடாது. ஆனா மொதல்ல சரிபண்ண வேண்டியது அது இல்ல. எந்த ஒரு கருதுகோளச் சோதிக்கப் போறோம்னு தாள் குடுக்குறதுக்கு முன்னாலயே எழுதிப் பதிவு பண்ணிரணும். பண்ணிருந்தா அந்த வரி திரைக்கே வந்திருக்காதுல்லா."

அவள் சொல்வதில் நியாயம் உண்டு. 2013-இலிருந்து சில இதழ்கள், முடிவு என்னவென்று தெரிவதற்கு முன்பே ஆய்வுத் திட்டத்தை மட்டும் படித்து, வெளியிடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கின்றன. அந்த முறை நம் பல்கலைக்கழகங்களுக்கு வந்தால் நானும் கொண்டாடுவேன். ஆனால் முன்பதிவு செய்துவிட்டு அதே கூடத்தில், அதே பெஞ்சுகளில், அதே தாளைக் கொடுத்தால், பார்த்து எழுதியது பார்த்து எழுதியதுதான். கணக்கு சுத்தமாகிவிடும், எண் எதைச் சொல்கிறது என்பது அப்போதும் தெரியாது. அமெரிக்காவில் பிள்ளைகள் முன் மிட்டாய் வைத்து, தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று தருவதாகச் சொன்ன புகழ்பெற்ற சோதனையைப் பெற்றோர் கூட்டங்களில் எத்தனையோ பேச்சாளர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஸ்டான்ஃபோர்டு வளாகத்து மழலையர் பள்ளியில் தொடங்கியது அது. காத்திருந்த பிள்ளை பின்னாளில் நன்றாகப் படித்தது, ஆகவே மன அடக்கமே வெற்றி என்பார்கள். 2018-இல் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது அந்த உறவு பாதியாகக் குறைந்தது. குடும்பச் சூழலைக் கணக்கில் சேர்த்ததும் இன்னும் மிகச் சிறிதாகிப் போனது. இது கணக்கு சொன்ன திருத்தம். 2013-இல் செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளர் வெளியிட்ட சோதனை வேறு வகை. பெரியவர் தந்த வாக்கை முதலில் காப்பாற்றியிருந்தால் பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாற்றியிருந்தால் 3 நிமிடம்தான். 28 பிள்ளைகள்தான், சிறிய ஆய்வு, பெரிய அளவில் திரும்பச் செய்து பார்க்க வேண்டியது. இருந்தாலும் அது கேட்ட கேள்வியைத்தான் நான் மதிக்கிறேன்: காத்திருப்பு என்ற எண் பிள்ளையின் அடக்கத்தைச் சொல்கிறதா, அல்லது அந்தப் பெரியவரை எவ்வளவு நம்பலாம் என்று பிள்ளை போட்ட கணக்கைச் சொல்கிறதா? எத்தனை ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் இந்தக் கேள்வி தானாக எழாது. அந்த அறையில் இருந்து பார்த்தவருக்குத்தான் எழும்.

அதனால் இப்போதெல்லாம் எங்கள் பள்ளிக்கு யாராவது தரவு சேகரிக்க வந்தால், தலைமையாசிரியரிடம் சொல்லி, பெஞ்சுக்கு இரண்டு பேர் வீதம் உட்காரவைக்கிறேன். ஆசிரியர்கள் வெளியே போய்விடுகிறோம். விளையாட்டுப் பிரியடைக் கொடுப்பதில்லை. முதலில் ஐந்து பிள்ளைகளிடம் மட்டும் தாளைக் கொடுத்து, ஒவ்வொரு பதிலுக்கும் என்ன நினைத்து அதைப் போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள் என்று வருகிறவர்களைக் கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். பாதிப்பேர் செய்கிறார்கள். ஏட்டில் அந்த அறை எப்படி இருந்தது, யார் நின்றார்கள், பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று ஒரு பக்கமாவது எழுதச் சொல்கிறேன். அதை எழுதியவரை இதுவரை பார்க்கவில்லை.

என்ன நினைத்துப் பதில் போட்டார்கள் என்று பிள்ளைகளிடமே கேட்கும் வேலையை அண்ணன் மகள் செய்து பார்த்தாள். தன் ஆய்வேட்டுக்காக முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகளிடம் அதே பத்து வாக்கியங்களையும் வாசித்துக் காட்டிப் பேசவைத்தாள். பெருமைப்பட்டுக்கொள்ளத் தன்னிடம் அதிகம் இல்லை என்கிற வாக்கியத்துக்கு ஒரு பிள்ளை ஆமாம் என்றிருக்கிறது. ஏன் என்று கேட்டதற்கு, "பெருமை பேசுனா ஆச்சி ஏசும்லா" என்று பதில். அளவுகோல்படி அந்தப் பிள்ளைக்குத் தன்மதிப்பில் ஒரு மதிப்பெண் குறைவு. இன்னொரு பிள்ளை எல்லா வாக்கியத்துக்கும் தன் மதிப்பெண் பட்டியலை மனசில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறது. அந்தத் தாளில் "நான்" என்றால் ரேங்க் என்றுதான் அது எடுத்துக்கொண்டது.

இரண்டு ஊரையும் ஒப்பிடுவதுதான் அவளுடைய முதல் திட்டம். நானும் அவளும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நடுத்தர அளவு வேறுபாடு (அரைத் திட்ட விலக்கம்) ஒன்றை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க வேண்டுமென்றால் ஒரு பக்கத்துக்கு 64 பேர் வேண்டும், அதுவும் ஒவ்வொருவரும் தனித்தனிச் சான்றாக இருந்தால். இப்படி ஒவ்வொரு பிள்ளையோடும் அரைமணி நேரம் பேசி அவளால் அந்த எண்ணைத் தொட முடியாது. ஒப்பீட்டையே விட்டுவிட்டாள். இந்தப் பத்து வாக்கியங்களை நம் பக்கத்துப் பிள்ளைகள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பது மட்டும்தான் இப்போது அவளுடைய ஆய்வு. டி-சோதனை இல்லை, 1.96 இல்லை. கருதுகோள் இல்லாமல் எப்படி ஆய்வேடு சமர்ப்பிப்பாய் என்று துறையில் கேட்டிருக்கிறார்கள். தலைப்பை மாற்றக் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் மேலப்பாளையத்தில் இன்னும் நாலு பிள்ளைகளிடம் பேசி முடித்துவிட்டாள்.